குதிரையை நிறுத்தும் குலவை

மழையில் நனைந்த சேணத்தோலின் வாடை எங்கே வீசினாலும், எனக்குள் ஒரு டிராம் மணியடித்துக் கிளம்பிவிடும். அன்று காளிகாட் போகும் வண்டியில், எனக்கு முன் இருக்கையில் மடியில் சேணத்தோடு ஒரு தமிழர். பக்கத்தில் அவர் நண்பர்.

“என் குதிரைக்கு ஓட வரும், ஆட வரும். நிக்கத்தான் வராது,” என்றார் சேணக்காரர்.

“பந்தயத்துக்கு அது போதாதா?”

“பந்தயம் இல்லைடா, நடைப்போட்டி. குதிரை கிளப்புல புதுசா சேர்றவாளுக்கு. அழகா வட்டம் போட்டு, கடைசியில நடுவர் துரைக்கு முன்னால அசையாம நின்னு சலாம் வைக்கணும். நேத்திக்கு ஒத்திகையில துரையைத் தாண்டி ரோஜாப் பாத்தியில போய் விழுந்தேன். ஞாயித்துக்கிழமையும் அப்படின்னா ஆபீஸே சிரிக்கும்.”

“குதிரையை யார்கிட்ட வாங்கினே?”

“கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடறவன்கிட்ட.”

நண்பர் தொடையில் தட்டிக்கொண்டார். “அட மக்கு! பொண்ணாத்து வாசல்ல பொம்மனாட்டிகள் குலவை போட்டாத்தான் அது நிக்கும். அப்படித்தான் பழக்கியிருப்பான். உன் ஆத்துக்காரிதான் பக்கத்தாத்து பெங்காலி மாமிகிட்ட குலவை கத்துண்டிருக்காளே!”

“அவளைப் போட்டிக்கு வரவே கூடாதுன்னு சொல்லிட்டேனே. அன்னிலேருந்து பேச்சே இல்லை.”

டிராம் நின்றது. நண்பர் படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்:

“இன்னிக்கே போய் சமாதானம் பண்ணு. இல்லேன்னா துரைக்கு முன்னால குலவையையும் நீயேதான் போடணும்!”