வியாழக்கிழமை விழும் டனல்

— ஹலோ, மறுபடியும் டனல் விழுந்துடுச்சுடி.

— இன்னிக்குமா? போன வியாழக்கிழமைதானேம்மா தூக்கி விட்டேன்!

— எனக்கென்னடி தெரியும்? நான் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றவ. நம்ம லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல, கம்ப்யூட்டர்லயே பூட்டுப் போட்ட பாதைன்னு நீதான் போட்டுக் குடுத்த. இப்ப ஒரு ரிப்போர்ட்டும் போகாது.

— சரி சரி. அந்தக் கறுப்புத் திரையைத் திற. ஐ, பி… ஒரு இடம் விடு… லிங்க். என்டர் தட்டு.

— இரு, கண்ணாடி எங்க… ம், தட்டிட்டேன். ஏன் இருமுற?

— தூசி. என்ன வருது?

— போன வாரமும் தூசின்னுதான் சொன்ன.

— அம்மா, திரையைப் பாரு!

— பாத்துட்டுதான் இருக்கேன். நாலு பேரு நிக்குது. கடைசில லேப் ஜீரோ, லேப் ஒன்.

— லேப் ஜீரோதான் டனலோட வாசல். வயரெல்லாம் கிடையாது, மெஷின் தானா உண்டாக்கிக்கிற வாசல். பக்கத்துல அப்னு இருக்கா, டவுன்னு இருக்கா?

— டவுன். லேப் ஒன் மட்டும் அப்னு இருக்கே, அது எதுக்கு?

— அத விடு.

— விட்டேன். வெந்நீர் குடிக்கிறியா இல்லியா?

— குடிக்கிறேன், குடிக்கிறேன்! இப்ப நான் சொல்றத அப்படியே அடி. ஐபி… லிங்க்…

— செட்… லேப் ஜீரோ… அப். ஆச்சு. மேல வந்துடுச்சு.

— நான் இன்னும் சொல்லவே இல்லயேம்மா!

— …நாலு வாரமா அடிக்கிறேன். மனப்பாடம் ஆகாதா?

— ஆகும் ஆகும். மேல பாக்கிற அம்புக்குறிய மூணு தடவை அழுத்து.

— அதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு?

— முன்னாடி அடிச்சதெல்லாம் ஒவ்வொண்ணா காட்டும். அழுத்தும்மா.

— …அந்த பட்டன் வேலை செய்யல.

— அம்மா…

— என்ன அம்மா?

— எனக்கு இங்கேர்ந்தே தெரியுதும்மா, கடைசி ரிப்போர்ட் பன்னெண்டே முக்காலுக்குப் போயிருக்கு. ஒரு மணிக்கு டனல் விழுந்திருக்கு. நாலு வியாழனும் இதே கதை. எல்லாத்தையும் ஒழுங்கா அனுப்பி முடிச்சிட்டு, எனக்கு லீவு நாள் பாத்து, நீயே எறக்கிட்டு போன் பண்ற.

— …நீதானடி சண்டை போட்டுட்டுக் கிளம்புறப்போ சொன்ன, இனிமே வேலை இருந்தா மட்டும் கூப்பிடுன்னு. உனக்குக் குடுக்க வேற என்ன வேலை இருக்கு எங்கிட்ட?

— இரும்மா, மூக்கைத் துடைச்சுக்கிறேன்.

— அழறியா?

— தூசிம்மா.

— எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

— மொதல் வாரத்துலேர்ந்து.

— அடிப்பாவி! அப்புறம் ஏன்டி என்னை ஒவ்வொரு எழுத்தா அடிக்க வெச்ச? …இரு. அந்த லேப் ஒன் எதுக்கு? சொல்லு.

— நான் இங்கேர்ந்தே உன் மெஷினுக்குள்ள வர்றதுக்கு. அது வழியா வந்தா அரை நிமிஷத்துல நானே தூக்கி விட்டுடுவேன்… தூக்கிட்டா நீ போனை வெச்சிடுவியேம்மா.