வேர்க்காத கேக்: குளிரறை அக்காவுக்கு ஒரு பாராட்டு மடல்

உறைபனியோடு உறவாடிய உத்தமியே! அவசரத்துக்கு அணை போட்ட அன்பின் அக்காவே! அடுப்படியில் நாங்கள் வியர்த்து வழிந்த நாளெல்லாம் கம்பளிச் சட்டையும் காதுக் குல்லாயுமாகக் கடமையாற்றியவரே! எங்கள் கேக் கூடத்தின் குளிரறையை இருபத்தாறு ஆண்டுகள் கண்போல் காத்து, இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் பெருந்தகையே! உங்கள் உடன் உழைத்தோர் அனைவரின் உளங்கனிந்த வணக்கம்.

மடல் என்றால் ‘தாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்று கேக் சுடும் மாஸ்டர் சொன்னார். இத்தனை ஆண்டுகள் ‘நீங்க’ என்று அழைத்துவிட்டுக் கடைசி நாளில் ‘தாங்கள்’ என்றால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே நீங்கள் என்றே எழுதுகிறோம். உங்களைவிட நான்கு வயது மூத்த மாஸ்டரே உங்களை அக்கா என்று அழைக்கும்போது, அக்கா என்பதற்கு மேல் ஓர் அடைமொழியை நாங்கள் எங்கே தேடுவது?

நீங்கள் வந்த புதிதில்தான் முதலாளி பெரிய ஃப்ரீசரை வாங்கி நிறுத்தினார். யாருக்கும் அதன்மேல் நம்பிக்கை இல்லை. உறைய வைத்த கேக் பழைய கேக் என்று மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் வாதாடவில்லை. ஒரு தட்டில் அன்று சுட்டதையும், பத்து நாள் உறைந்து பனி விட்டுத் தெளிந்ததையும் ஆளுக்கொரு துண்டாக வைத்து நீட்டினீர்கள். மாஸ்டர் இரண்டையும் தின்றார். பத்து நாள் கேக்கைத் தொட்டு, இதுதான் இன்றைக்குச் சுட்டது என்றார். உண்மை தெரிந்ததும், இரண்டும் தன் கை கேக்தானே, எதுவானாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று மீசையில் மண் ஒட்டாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து குளிரறைச் சாவி உங்கள் இடுப்புக்கு வந்தது.

வெளியார் பார்வைக்கு அது சின்ன வேலை. சுட்ட கேக்கைச் சூடு முழுவதும் ஆறவிட்டு, இறுகச் சுற்றி, உறைய வைத்து எடுத்தால் கத்திக்குப் பணிந்து கொடுக்கும். தூள் உதிராமல் க்ரீமுக்கு இடம் விடும். ஆனால் உறைய வைப்பது எளிது, தெளிய வைப்பதுதான் அரிது என்பதை உங்களிடம் கண்டோம். முந்தின மாலை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு. காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து மேசைக்கு. மேசையிலும் உறை பிரிக்காமல். காற்றின் ஈரம் உறைமேல் துளிர்த்து உலர்ந்த பிறகே கேக் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். முன்கூட்டிப் பிரித்தால் கேக் வேர்க்கும். வேர்த்த கேக்கில் ஐசிங் நிற்காது.

க்ரீமில் பூ போடுவதால் நாங்கள் ‘பூக்காரி’ என்று அழைக்கும் எங்கள் அலங்காரக்காரர் இந்த விதியோடு இருபது ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். ஒருமுறை உங்கள் கண் மறைந்ததும் உறையைப் பிரித்து நீல ஐசிங்கைப் போர்த்திவிட்டார். அரை மணி நேரத்தில் கேக் நீலக் கண்ணீர் விட்டது. நீங்கள் திட்டவில்லை, இன்னொரு கேக்கை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அது உரிய பதத்துக்கு வரும் வரை அவர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அவர் இன்றும் சொல்கிறார்.

அக்கா, உங்கள் பணிக்காலத்தில் நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் இந்த மடலில் விரிவாகப் பதிவு செய்ய எல்லாரும் ஒருமனதாக விரும்பினோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மூன்றடுக்குத் திருமணக் கேக் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. மணப்பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை, தந்தை தையற்காரர். மூன்று அடுக்கும் சுட்டு உறைய வைத்த மறுநாள், தையற்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திருமணம் தள்ளிப்போனது. உறவினர் ஒருவர் தொலைபேசியில் ஆர்டரை நிறுத்தச் சொன்னார். அடுக்குகளை வேறு ஆர்டருக்குத் திருப்பிவிடலாம் என்றார் முதலாளி. தொழில்முறைப்படி அதில் தவறும் இல்லை. நீங்கள்தான் பெண்ணிடமே கேட்டுவிடலாம் என்று அழைத்தீர்கள். அப்பா எழுந்து உட்கார்ந்ததும் கல்யாணம், அதுவரை கேக் அங்கேயே இருக்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். நீங்கள் நல்ல வார்த்தை நாலு சொல்லித் தேற்றவில்லை. மூன்று மாதம் வரை தாங்கும், அதற்கு மேல் ருசிக்குத் தான் பொறுப்பில்லை என்று மட்டும் சொன்னீர்கள்.

ஏழு வாரம் அந்த மூன்று அடுக்கும் உங்கள் பொறுப்பில் இருந்தன. விடுமுறைக்கால ஆர்டர்கள் குவிந்து, குளிரறையில் எள் போட்டால் எள் விழாத நிலை. மூன்று முறை முதலாளி அவை இருந்த தட்டைக் காலி செய்யச் சொன்னார். மூன்று முறையும் சரி என்று தலையாட்டிவிட்டு, வெண்ணெய்க் கட்டிகளை வேறெங்கோ அடுக்கினீர்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. மறுநாள் தையற்காரருக்கு அறுவை சிகிச்சை. அதற்கு முன் பெண்ணின் திருமணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். மருத்துவமனைக் கூடத்தில் மாலை நான்கு மணிக்குத் திருமணம்; கேக் வேண்டும்.

எங்கள் கேக் கூடமே கலங்கியது. கல் மாதிரி இறுகிய மூன்று அடுக்குகள். கையில் ஏழு மணி நேரம். அடுப்பு வாயருகே வைக்கலாம் என்றார் மாஸ்டர். உறையைப் பிரித்து மின்விசிறியடியில் வைக்கலாம் என்றார் பூக்காரி. இரண்டையும் கேட்டுவிட்டு, அடுப்பருகே வைத்தால் விளிம்பு காயும், நடு உருகாது; உறையைப் பிரித்தால் மேல் நனையும், உள்ளே பனி நிற்கும் என்றீர்கள். சிறிய அடுக்கை மட்டும் எடுத்து உறையோடு மேசையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தீர்கள். நாங்கள் சுற்றி நின்றோம்.

“பெருசு ரெண்டும் இன்னைக்கு ஆகாதும்மா. சின்னது ஆகும்.”

முதலாளி கையால் சைகை காட்டினார், எப்படியாவது மூன்றையும் தருகிறோம் என்று சொல்லச் சொல்லி. நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

“மூணையும் தர்றேன்னு சொல்லிட்டு உங்கப்பா வாயில ஐஸ வைக்க மாட்டேன்.”

அந்தப் பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது. “அவருக்கு ஒரு வாய் போதும் அக்கா.”

அதன் பிறகு காத்திருப்பு. நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். நீங்கள் மட்டும் கேக்கின் எதிரில் கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தீர்கள். மெல்லிய எஃகுக் கம்பியை உறையோடு நடுவரை செருகி, எடுத்து, கீழுதட்டில் வைத்துக் குளிர் பார்த்தீர்கள். பதினோரு மணிக்கு ‘இன்னும்’ என்றீர்கள். பன்னிரண்டுக்கும் அதே சொல். பூக்காரி கையில் கரண்டியோடு நின்று நின்று, கடைசியில் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஒன்றே கால் மணிக்குக் கம்பியை வைத்தபின் உலர்ந்த துணியால் உறையை ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு கேக்கில் படாமல் பிரித்துப் பூக்காரி பக்கம் நகர்த்தினீர்கள். வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் ஐந்து பூ, அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் போட்ட பூக்களிலேயே அவைதாம் அழகு என்பது எங்கள் துணிபு.

வேனில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே போனீர்கள். வேன் ஓட்டும் அண்ணன் திரும்பி வந்து சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். தையற்காரர் ஒரு வாய் தின்றாராம். மகளின் சட்டைத் தோளைத் தொட்டு, தையல் இழுக்கிறது, யார் தைத்தது என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். நீங்கள் மட்டும் கூடத்துக்கு வெளியே போய் நின்றீர்களாம். உள்ளே இருந்ததைவிட வெளியே அதிக நேரம் நின்றீர்கள் என்று அண்ணன் சொன்னார். ஏன் என்று நாங்கள் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டோம்.

அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. ஐந்து வாரத்துக்குப் பின், அன்று வர முடியாத சுற்றத்தாருக்கு அவர்கள் விருந்து வைத்தார்கள். மீதி இரண்டு அடுக்கையும் முந்தின மாலையே முறைப்படி இறக்கினீர்கள். காலையில் மேற்புறத்தைச் சீவிய துண்டை முதலில் நீங்கள் தின்று பார்த்த பிறகே பூக்காரியைத் தொடவிட்டீர்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் தரமாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்றீர்கள். சொல்லியிருப்பீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

இனி உங்கள் விரல்களைப் பற்றி. மூன்று குளிர்காலமாக வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போவதை எங்களிடம் மறைத்தீர்கள். இடது கையால் உறை சுற்றப் பழகிக்கொண்டீர்கள். ஓய்வு வயது வந்ததால் போகிறேன் என்று சொல்கிறீர்கள். நாங்களும் அப்படியே நம்புவதாக நடிக்கிறோம்.

ஆனால் எங்கள் நடிப்பு உங்களிடம் எங்கே பலித்தது? இந்த விழாவுக்கென்று சென்ற வாரம் மாஸ்டர் ஒரு கேக் சுட்டார். உங்களுக்குத் தெரியாமல் அதைக் குளிரறைக்குள் வைக்க வழியில்லை. ஆகவே ‘வங்கி மேலாளர், பிறந்தநாள்’ என்று பொய்ச் சீட்டு ஒட்டினோம். நீங்களும் அதைப் படித்துவிட்டு இடம் ஒதுக்கித் தந்தீர்கள். நேற்று மாலை அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றும் பொறுப்பு பூக்காரியுடையது. பேச்செழுதும் பரபரப்பில் மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். இன்று காலை கேக் கெட்டது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தோம். கேக் மேசைமேல் இருந்தது. உறையோடு, உலர்ந்து, பதமாக. சீட்டில் வங்கி மேலாளரை அடித்துவிட்டு உங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘எனக்கு. பத்தரைக்குப் பிரிக்கவும்.’

பத்தரைக்குத்தான் பிரித்தோம், அக்கா.

உங்கள் விரல்களுக்கு வெயிலும், உங்கள் காலைகளுக்கு அவசரமின்மையும், உங்கள் வீட்டாருக்கு உங்கள் முழுநேரமும் வாய்க்கட்டும். நோயின்றி, குறையின்றி, யார் பிறந்தநாளுக்கும் முந்தின மாலையை நினைவில் வைக்க வேண்டிய தேவையின்றி நூறாண்டு வாழ்க.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மாறாத
மாஸ்டர், பூக்காரி, வேன் அண்ணன், முதலாளி
மற்றும் கேக் கூடத்தார் அனைவரும்