தளவாய்க்குப் பால் காய்ச்சிய வடகாசியம்மாள்

நம்ம சேந்தங்குறிச்சிக்கு ரயில் வராத காலத்துல, வடகாசியம்மாள்னு ஒருத்தங்க இருந்தாங்களாம். உங்க அப்பா வழியில அஞ்சு தலைமுறைக்கு மூத்தவங்க. புருஷன் இல்லை. ஒரே மக பேராச்சி. ஒரு முன்அறை, ஒரு அடுப்படி, ஒரு பசு. அவ்வளவுதான் சொத்து.

ஒரு ஐப்பசி மழையில, தளவாய்னு ஒரு பருத்திக்கொட்டை யாவாரி, பொண்டாட்டி கோமுவோட வந்து வாசல்ல நின்னாராம்.

"மதினி, ரெண்டு நாள் தங்கிக்கிடுதேன். மூட்டையெல்லாம் நனையுது."

பாவமேன்னு முன்அறையைத் திறந்து விட்டாங்களாம். ரெண்டு நாள் ரெண்டு மாசமாச்சு. வாடகை பேசினாங்க. கொஞ்ச நாள் குடுத்தாராம். அப்புறம் மூணு வருஷம் ஒரு சல்லி இல்லையாம்.

வாடகை கேட்டா, "அடுத்த சந்தை முடியட்டும் மதினி."

காலி பண்ணச் சொன்னா, "நான் எங்க போவேன்? உக்காந்தவன் உக்காந்தவன்தான் மதினி."

அப்படி இருக்கையில, கட்டிக்குடுத்த மக பேராச்சிக்கு ஏழாம் மாசம். சம்பந்தியம்மா வந்து அறையை எட்டிப் பார்த்தாங்களாம். கூரை வரைக்கும் மூட்டை.

"பிள்ளையை எங்க படுக்க வைப்பீக? மூட்டை மேலயா? வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதுக்குள்ள இடம் ஆகலைன்னா பிரசவம் எங்க வீட்டுலதான்."

சொல்லிட்டுப் போயிட்டாங்க. பெத்தவ இருக்கையில தலைப்பிரசவத்துக்கு மக வரலைன்னா, அந்த மனசு என்ன பாடு படும், நீங்களே சொல்லுங்க.

வடகாசியம்மாளுக்கு சங்கிலின்னு ஒரு அண்ணன். அவரு கையில கம்போட வந்தாராம். "நகரு தங்கச்சி, மூட்டையோட அவனையும் உருட்டி விடுதேன்."

"வேண்டாம்ணே. அந்த அறையில கோமு தினம் விளக்கேத்துதா. எரியுத விளக்கைத் தெருவுல தூக்கி வச்சா, எம் மக வந்து படுக்குத இடம் விளங்குமா?"

மறுநாள் காலையில அம்மனைக் கும்பிட்டுக் கண்ணை மூடி நின்னாங்களாம். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு, நெருப்பு புஸ்ஸுன்னுச்சாம். அப்பத்தான் சுருக்குன்னு பட்டுதாம்.

"அட தாயே! இவருக்கு நான் பாலே காய்ச்சலையே! மழையில வந்தவரை அப்படியே உள்ள விட்டுட்டேனே. முறையா குடி வராதவர் முறையா எப்படிப் போவார்?"

அண்ணனோட பழைய வீடு ஒண்ணு சந்து முனையில பூட்டிக் கிடந்தது. அதைக் கூட்டினாங்க, மெழுகினாங்க, சுண்ணாம்பு அடிச்சாங்க. தளவாய்கிட்ட மூச்சு விடலை. கோமுகிட்ட மட்டும் சொன்னாங்களாம். அவ கையைப் பிடிச்சு அழுதாளாம். "மூணு வருஷமா நான் காலை நீட்டிப் படுத்ததில்லைக்கா."

அப்புறம் வெத்தலை பாக்குத் தட்டோட வீடு வீடாப் போனாங்களாம். "வியாழக்கிழமை காலையில தளவாய் தம்பி புது வீட்டுல பால் காய்ச்சுதாரு. கண்டிப்பா வந்துருங்க."

ஊர் சும்மா விடுமா? சந்தைக்குப் போனா, "என்னவே தளவாய், புது வீடாமே!" குளத்துக்குப் போனா, "யாவாரம் அமோகம் போல! சொல்லவே இல்லையே!"

"ஆ... ஆமாவே"ன்னு தலையை ஆட்டி வச்சாராம். பெருமைக்கு ஏங்குற மனுஷன். இல்லைன்னு சொல்ல நாக்கு வரலை.

வியாழக்கிழமை விடிஞ்சா வாசல்ல ஊரே நிக்குதாம். ஒருத்தர் கையில உப்பும் மஞ்சளும், ஒருத்தர் கையில நிறைகுடம். வடகாசியம்மாள் கையில பால் செம்பு.

தளவாய் மெல்ல கிட்ட வந்தாராம். "மதினி, என்னை விரட்டுதீகளா?"

"விரட்டணும்னா கம்போட வந்திருப்பேன். பாலோட வந்திருக்கேன், பாருங்க."

தலையைக் குனிஞ்சு முன்னால நடந்தாராம். கோமு தன் விளக்கை அணையாம ஏந்திக்கிட்டு பின்னால போனாளாம். ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கி ஆம்பளைங்க அறையை ஒழிச்சுட்டாங்க. புது வீட்டுல பால் பொங்க, ஊரே குலவை போட்டுச்சாம்.

வெள்ளிக்கிழமை வளையல் குலுங்க பேராச்சி வந்து, அந்த அறையில காலை நீட்டிப் படுத்தாளாம். அவ அம்மா அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினாங்களாம். அங்க பிறந்த ஆம்பளப் பிள்ளை வழியிலதான் நாம வந்தோம்.

தளவாயும், யாரும் கேக்காமலே, மாசம் ஒரு மூட்டை பருத்திக்கொட்டையை அந்தப் பசுவுக்கு அனுப்பினாராம். அண்ணனுக்கும் வாடகை தப்பலையாம். ஊர் பார்க்கப் பால் காய்ச்சுன வீடாச்சே!

இன்னைக்கும் நம்ம ஊர்ல குடியிருந்தவங்க காலி பண்ணிப் போனா, வீட்டுக்காரம்மாதான் புது வீட்டுக்கு முதல் பால் கொண்டு போவாங்க. அந்தச் சந்துக்குப் பேரே பால்காய்ச்சிச் சந்து. போன தையில நம்ம மாடியில குடியிருந்த டீச்சர் காலி பண்ணிப் போறப்ப, முட்டிவலியோட நான் தூக்குச்சட்டியைத் தூக்கிட்டு ஓடினதைப் பார்த்து சிரிச்சீங்களே, அது இதுக்குத்தான். வடகாசியம்மா, நம்ம வாசலை விட்டு யாரும் மனசு நொந்து போகாம பார்த்துக்கோ தாயே.