ஏணியை எடுத்துவிடச் சொன்ன ஈடித் மால்ட்பி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேறி வந்து என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பர் ரைன்ஹோல்ட் ஃபென்ஸ்கே அவர்களே, மழையில் நனைந்துகொண்டு வந்து இந்த விமானக் கொட்டகையை நிறைத்திருக்கும் தோர்ல்பி ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

திருமதி ஈடித் மால்ட்பி அவர்கள் நம்மை விட்டுப் போய் ஒன்பது நாளாகிறது. 'என் இரங்கல் கூட்டத்துக்குக் கறுப்பு உடுத்தி வருபவர்களுக்குக் கேக் கிடையாது' என்று தன் கைப்பட எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அதனால்தான் இந்த மஞ்சள் கழுத்துப்பட்டையோடு உங்கள் முன் நிற்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை! அவருக்காகக் கூடிய கூட்டத்தில் சிரிக்காமல் எங்கே போய்ச் சிரிப்பது?

எனக்குப் பின்னால் நிற்கிறதே இந்த விமானம், இது எப்படி இங்கே வந்தது என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. டென்மார்க்கில் சரணடைந்த ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒன்றை நம் பிரிட்டிஷ் விமானி ஒருவர் இங்கே, அன்றைய விமானப்படை நிலையத்துக்கு ஓட்டிவந்து இறக்கினார். இரண்டு இன்ஜின், மூன்று இருக்கை, இருட்டில் நம் விமானங்களைத் தேடிப் பிடிக்க மூக்கில் மான்கொம்பு போல ரேடார் கம்பிகள். நான், சிரில் ஹேக்ஸ்பி, அன்று இங்கே இன்ஜின் மெக்கானிக். ஈடித் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர். எல்லோரும் வேடிக்கை பார்க்க ஓடினோம். ஈடித் மட்டும் மெதுவாக நடந்து வந்தார். வந்தவர் விமானத்தின் டயரை ஓங்கி ஒரு உதை விட்டார்! கால் கட்டைவிரல் வீங்கி நாலு நாள் நொண்டினார்.

ஏன் உதைத்தார்? அவருடைய தம்பி லெஸ்லி, முந்தைய ஆண்டு மார்ச் மாதம், ஏழு பேர் போன குண்டுவீச்சு விமானத்தில் ஒருவன். இப்படிப்பட்ட ஓர் இரவுப் போர் விமானம்தான் அதை வீழ்த்தியது. ஏழு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தார்.

"சிரில், அதுக்குள்ள ஒரு தடவை உட்காரணும். ஏற்பாடு பண்ணு."

"எதுக்கு மிஸஸ் மால்ட்பி? கோபம் இன்னும் தீரலையா?"

"என் தம்பியை எங்கேயிருந்து பாத்தாங்கன்னு நான் பாக்கணும்."

ரேடார்காரரின் இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் சொன்னார்: "முட்டியை மடக்கக்கூட இடமில்லை. இதுக்குள்ள உட்கார்ந்திருந்தவனும் நடுங்கிட்டுத்தான் இருந்திருப்பான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதை அவர் உதைக்கவே இல்லை.

விமானத்தை ஆராய நம் படையினர் நடத்திய சோதனைகள் முடிந்தன. விமானத்தைக் கொட்டகைக்குப் பின்னால் புல்வெளியில் தள்ளிவிட்டார்கள். பத்து வருடம் மழை, பனி! இடது இன்ஜினுக்குள் காக்கை கூடு கட்டியது. கடிகாரத்தை ஒருவர் கழற்றிக்கொண்டு போனார், திசைகாட்டியை இன்னொருவர். அதைக் கவனித்தவர் யார்? தார்ப்பாய் போர்த்தியவர் யார்? ஈடித் ஒருவர்தான். அந்த ரேடார் கொம்புகளில் கிடங்கின் கைத்துண்டுகளை உலர்த்துவார். "இவ்வளவு செலவு பண்ணி ஹிட்லர் எனக்குத் துணி காயப்போடக் கம்பி செஞ்சு குடுத்திருக்கான்" என்பார்.

1955இல் உத்தரவு வந்தது: வெட்டிப் பழைய இரும்புக்குப் போடு! ஈடித் பதினொரு நாள் விடாமல் லண்டனில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒரு பதிலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை லாரி வந்தது, வெட்டுகிற ஆட்களும் வந்தார்கள். வந்து பார்த்தால் விமானி இருக்கையில் ஈடித்! மடியில் பின்னல் ஊசி, பக்கத்தில் தேநீர்க் குடுவை, பன்றி இறைச்சி சாண்ட்விச். ஏணியைக் காணோம்.

எங்கள் நிலையத் தளபதி ஓடி வந்தார்.

"மிஸஸ் மால்ட்பி, இறங்குங்க!"

"இறங்கலாம் சார். ஏணி இல்லையே."

தளபதி என் பக்கம் திரும்பினார். "ஹேக்ஸ்பி, ஏணி எங்கே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்."

"நிலையத்துல இருக்கிற ஏழு ஏணியுமா?"

"எல்லாமே ஒரே நாள்ல கெட்டுப்போச்சு சார்."

ஐயா, ஈடித் சொன்னபடி அந்த ஏழு ஏணிகளையும் உருளைக்கிழங்கு வயலில் படுக்க வைத்தவன் நான்தான்! இருபத்து நான்கு ஆண்டுகளாக மறைத்த உண்மையை இன்று இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

வெட்ட வந்தவர்களின் தலைவர் கீழேயிருந்து கத்தினார்: "அம்மா, ஜெர்மன்காரன் விமானத்துக்கா இத்தனை பாடு?"

ஈடித் பின்னலை நிறுத்தினார். "என் தம்பிக்குக் கல்லறை இல்லை. எப்படிச் செத்தான்னு நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டா, எதைக் காட்டுவேன்? இதையும் நீங்க வெட்டிட்டா?"

அந்தத் தலைவர் தொப்பியைக் கழற்றினார். லாரியில் ஏறி உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். மாலை நான்கு மணிக்கு லண்டனிலிருந்து தந்தி: 'மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கவும்.' அந்த மறு உத்தரவு இன்றுவரை வரவில்லை! வந்தாலும் படிக்கப்போகிறவர் யார்?

பிறகு தன்னார்வலர்களாகச் சேர்ந்தோம், துரு சுரண்டினோம். 1964இல், செய்தித்தாளில் விமானத்தின் படம் பார்த்து ஒரு ஜெர்மானியர் வந்து நின்றார். இதே விமானத்தில் ரேடார்காரராகப் பறந்தவர். இதோ, ஃபென்ஸ்கே! ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. மதுக்கடையில் அவருக்கு யாரும் நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. ஈடித் அவரை நேராகத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். தம்பியின் விமானம் விழுந்த தேதியைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கேட்டுவிட்டார்:

"அது நீங்களா?"

ஃபென்ஸ்கே மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு நாங்க மேலே போயிருந்தோம். ஒண்ணை வீழ்த்தினோம். அது உங்க தம்பி இருந்த விமானமான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்லவும் என்னால முடியாது."

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. ஈடித் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுப்பில் கெண்டியை வைத்தார்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்றார்.

அன்றிலிருந்து பதினைந்து ஆண்டுகள், ஒவ்வொரு செப்டம்பரிலும் ஃபென்ஸ்கே ஸ்பானர் பெட்டியோடு வந்தார். இருவரும் போட்ட சண்டையைக் கேட்க வேண்டுமே! "இறக்கையில சாம்பல் புள்ளிகள் இன்னும் பெரிசா இருந்துச்சு" என்பார் அவர். "இருட்டுல பறந்த ஆளுக்கு நிறத்தைப் பத்தி என்ன தெரியும்? நீ பிரஷைக் குடு!" என்பார் ஈடித். இரண்டு நாடுகள் சமாதானம் ஆனதை நான் ஒப்பந்தங்களில் பார்க்கவில்லை ஐயா, இந்தச் சாயச் சண்டையில்தான் பார்த்தேன்!

போன மாதம் இடது இன்ஜின் ஓடியது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நாற்பது விநாடி! கொட்டகை முழுக்கக் கரும்புகை. ஈடித்தின் தொப்பி பறந்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. எழுபத்து மூன்று வயதில் கைதட்டிக் குதித்தார். முகமெல்லாம் கரி. "லெஸ்லி, கேட்டியாடா?" என்று கத்தினார். அந்தக் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. விளையாட்டில் ஜெயித்த அக்காவின் குரல் அது! மூன்று வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அன்பர்களே, அவருக்குச் சிலை வேண்டாம். ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவர் திறந்த இந்தக் கதவை நாம் திறப்போம். வருகிறவர்களுக்கு அவர் சொன்னபடியே, லெஸ்லியையும் சேர்த்து அந்த ஏழு பேரின் பெயரை முதலிலும், இதில் பறந்த மூவரின் பெயரை அடுத்தும் சொல்வோம். இது இந்தச் சபை தரும் வாக்கு!

ஃபென்ஸ்கே ஊர் திரும்பும் சீட்டை ரத்து செய்துவிட்டார். வலது இன்ஜின் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணி. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.