கரிக்குள் இருந்த வாசம்

டார்ச்சை அணையுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வெல்டருக்குத்தான் சொல்கிறேன். மழை விடும்வரை எப்படியும் ஐந்து பேரும் இந்த வேனுக்குள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இது நம் பட்டறை ஃபிட்டர் ஸ்க்ரூவின் மாமாவுக்கு நடந்தது. ஸ்க்ரூ லீவில் இருக்கிறான். இருந்திருந்தால் என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டான்.

இரவு பதினொரு மணி இருக்கும். அணைக்கட்டுக்கு ஏறுகிற பழைய மலைச்சாலை. புதுச்சாலை போட்ட பிறகு அதில் ஈ காக்காய் போவதில்லை. விளக்கு கிடையாது. போன் எடுக்காது. அந்தச் சாலையோரம்... ஒரே ஒரு கேம்பர் வேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. உள்ளே மாமா. தனியாக.

ஏன் அங்கே போனார்? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோனது. எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எழுந்திருக்க முடியாது. லாரியை விட்டதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, நம்மிடம் கொடுத்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கினார். மெத்தைக்கு உறை தைத்தது நான்தான். பிள்ளை குட்டி இல்லை. அத்தையும் அவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

அத்தைக்கு ஒரு பழக்கம். மாமா தூங்கின பிறகு அவர் முட்டியில் தைலம் தேய்ப்பார். விழித்திருக்கும்போது கிட்டே வர விடமாட்டார் மனுஷன். அந்த வாசம் அவருக்குக் குமட்டும். கடைத் தைலத்தோடு எண்ணெயும் கற்பூரமும் சேர்த்து அத்தையே காய்ச்சுவது. வாசம் மூக்கைத் துளைக்கும். காலையில் எழுந்ததும் ஒரே சத்தம்.

"வண்டி பூரா ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது! உன்ன யாரு தேய்க்கச் சொன்னா?"

"வலி கொறஞ்சுதா இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க."

குறைந்திருக்கும். ஆனால் சொல்ல மாட்டார்.

கடைசியில் ஸ்க்ரூவைப் பிடித்துக் கரி ஃபில்டர் போடச் சொன்னார். நாம் இந்த வேனில் போட்டிருக்கிறோமே, அதேதான். சின்ன விசிறி உள்ளே இருக்கிற காற்றை இழுக்கும். கரி மணிகள் நிரப்பிய பெட்டி வழியாகத் திருப்பி விடும். வெங்காயம், ஈரத் துணி, வெளியிலிருந்து வருகிற டீசல் புகை... எல்லா நாற்றத்தையும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனை சின்ன இடத்தில் இரண்டு பேர் சமைத்து, தூங்கி, துணி காயப்போட்டுக் குடும்பம் நடத்த வேண்டுமே.

அத்தை சிரித்தாராம். "ஆக மொத்தம் என்னப் புடிச்சு டப்பாவுல அடைக்கிறீங்க."

அந்த வருஷம் முடியவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த அத்தை... அவ்வளவுதான். போய்விட்டார்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் நல்லது செய்வதாக நினைத்துப் போர்வை, தலையணை உறை, அத்தையின் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டார்கள். தைல பாட்டிலைக் குப்பையில் போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு மாமா வேன் கதவைத் திறந்தார். கட்டிலில் குப்புறப் படுத்து மோந்து பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அத்தை இருந்த வாசமே இல்லை. அவ்வளவு நல்ல ஃபில்டர் நம்முடையது.

"புது பாட்டில் வாங்கினா போச்சு" என்கிறான் பார், பெயின்டர். வாங்கினார் ஐயா. அது கடை வாசம். அத்தை கை பட்ட வாசம் எந்தக் கடையில் விற்கிறது? குறுக்கே பேசாதே.

அப்புறம் ஒருநாள் ஸ்க்ரூவிடம் கேட்டிருக்கிறார். "ஏண்டா, அந்தக் கரி புடிச்சத என்ன பண்ணும்?"

இவன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான். தொழில் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டான். "உள்ளயே வெச்சிருக்கும் மாமா. சூடு காட்டினா கொஞ்சம் வெளிய விட்டுடும். அதான் சில பேரு வெயில்ல காயவெச்சுத் திரும்பப் போடுறாங்க."

பாவம், இவனுக்கு என்ன தெரியும்? மாமா காதில் விழுந்தது வேறு. அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று விழுந்தது.

அதனால்தான் அந்தச் சாலை. வேறு வண்டிப் புகை, வேறு வீட்டுச் சமையல் எதுவும் வந்து கலந்துவிடக் கூடாதாம். ஜன்னலைச் சாத்தினார். கதவு இடுக்கில் டேப் ஒட்டினார். கூரை ஜன்னலைச் சுற்றி டேப் ஒட்டினார். துளி வாசம் வெளியே போகக் கூடாது. ஃபில்டரைப் பிரித்து, கரியை வாணலியில் கொட்டி, கேஸ் அடுப்பைச் சின்னதாக வைத்து... வறுத்தார்.

ஸ்ஸ்ஸ்... என்று கேஸ் சத்தம் மட்டும்.

முதலில் தூசி வாசம். அப்புறம் டீசல். அப்புறம் எப்போதோ அடிப்பிடித்த பால். மழையில் நனைந்த கம்பளி.

அப்புறம்... தைலம்.

லேசாக. பிறகு நன்றாக. கற்பூரமும் எண்ணெயும், ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கும்போது வருமே, அதே வாசம். மாமா அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். இடது பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

அடுப்பு எரிகிறது.

உங்களுக்குத் தெரியும்தானே? மூடின வண்டிக்குள் நெருப்பு எரிந்தால் என்ன வரும்? அந்த விஷவாயுவுக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. கரி அதைப் பிடிக்கவே பிடிக்காது. வாணலியில் கிடக்கிற கரி எங்கே பிடிக்கப் போகிறது? தலை கனத்தது. கை கால் மரத்தது. லாரியிலேயே தூங்கி எழுந்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

கண் செருகுகிற நேரம்... தலைக்கு மேலே...

சர்ர்ர்.

டேப் உரிகிற சத்தம். மெதுவாக. நின்று. மறுபடி... சர்ர்ர்.

பிறகு கூரை ஜன்னலின் கைப்பிடி. எண்ணெய் காணாத கைப்பிடி. க்ரீச்... க்ரீச்... யாரோ சுற்றுகிறார்கள்.

ஜில்லென்று காற்று வந்து முகத்தில் விழுந்தது. வாசம் அப்படியே மேலே எழும்பி வெளியே போகிறது. மாமாவுக்கு அது தெரிகிறது. "தொறக்காதடி! போயிடும்... நீ போயிடுவ... மூடுடி!" என்று கத்துகிறார். நாக்கு புரளவில்லை. சத்தம் வரவில்லை.

டக்.

அடுப்பு அணைந்தது.

முகத்தில் மழை விழுந்து விழித்தாராம். விடிந்திருந்தது. கூரை ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. உரித்த டேப் மேஜை விளிம்பில் நேராக ஒட்டியிருந்தது. அதன் நுனி முக்கோணமாக மடித்திருந்தது. அடுத்த தடவை நகத்தால் தேட வேண்டாமே என்று அத்தை எப்போதும் மடித்து வைப்பார், அப்படி.

வேனுக்குள் எந்த வாசமும் இல்லை. அன்றிலிருந்து மாமாவுக்கு எதிலும் வாசம் இல்லை. மூக்கு செத்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாராம்.

"மிச்சம் வெச்சிட்டுப் போனதையும் நானே வறுத்துத் தின்னுட்டேண்டா" என்று ஸ்க்ரூவிடம் சொல்லியிருக்கிறார். வேனை விற்கவில்லை. அதிலேயே இருந்தார். யாரோடும் பேச்சு வார்த்தை இல்லை. இவன்தான் உள்ளே கழுவித் துடைத்து, புதுக் கரி போட்டுக் கொடுத்தான்.

"அக்கா, அவ்வளவுதானா?" என்கிறாயா? அவ்வளவுதான் என்றால் ஸ்க்ரூ ஏன் போன வாரத்திலிருந்து லீவு?

போன வாரம் மாமா ஃபில்டர் மாற்ற வேனைக் கொண்டுவந்தார். பட்டப்பகல். நீங்கள் வெளிவேலைக்குப் போயிருந்தீர்கள், நான் பட்டறையில்தான் இருந்தேன். ஸ்க்ரூ மூடியைக் கழற்றினான். அப்படியே நின்றுவிட்டான்.

தைலம். மூக்கைத் துளைக்கிற தைலம்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அலமாரியைக் கவிழ்த்தான். பாட்டில் இல்லை. ஒன்றும் இல்லை.

"யாராச்சும் வந்து தங்கினாங்களா மாமா?"

"எங்கிட்ட எவன்டா வரான்?"

கரிக்குச் சொந்த வாசம் கிடையாது. காற்றில் இருப்பதைத்தான் பிடிக்கும். அதுவும் புதுக் கரி. ஸ்க்ரூ பெட்டியை நீட்டினான். மாமா வாங்கி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"என்னடா... டீசலா?"

"தைலம் மாமா. அத்தையோடது."

"வெளையாடாத."

"சத்தியமா மாமா."

மாமா வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலயேடா... நீ மோந்து சொல்லு. எப்படி இருக்கு? சொல்லு." இவனும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். கற்பூரம் முதலில் வருது மாமா, அப்புறம் எண்ணெய், அப்புறம் கொஞ்சம் காரமா ஒண்ணு... நாங்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டோம். பார்க்க முடியவில்லை.

பொழுது சாயும்போது மாமா எழுந்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல், சட்டென்று.

ஸ்க்ரூ அப்போதுதான் கவனித்தான். இடது பேன்ட்டில், முட்டிக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. காலையில் அது இல்லை. தொட்டுப் பார்த்தான்.

வெதுவெதுப்பாக இருந்ததாம்.