ரெண்டு நீலம்

சாயங்காலம் பட்டாபிராம் போகிற ரயில். அம்பத்தூர் தாண்டியும் உட்கார இடம் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால், லேப்டாப் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்ற இருவரில் ஒருவர் சொன்னார்:

“நீலக் கலரை நம்பி மோசம் போயிட்டேன் மச்சான்.”

“இன்னாடா ஆச்சு?” என்றார் மற்றவர்.

“பிரவுசர்ல ரெண்டு புரொஃபைல் வெச்சிருக்கேன்ல. ஆபீஸ் மெயிலுக்குப் பச்சைக் கலர், சொந்த மெயிலுக்கு நீலம். பச்சை கண்ணை உறுத்துதுன்னு எங்க வீட்ல அவ அதையும் நீலமாக்கிட்டா. நான் கவனிக்கல. வேற கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பினேன்.”

“ஆபீஸ் மெயில்லேர்ந்தா?”

“ஆமா. அதுவும் டீமுக்கே பொதுவான ஐடி. ‘இன்டர்வியூவுக்கு வாங்க’ன்னு வந்த பதிலை மேனேஜர்தான் முதல்ல படிச்சிருக்காரு. மத்தியானம் ரூமுக்குக் கூப்பிட்டாரு.”

“சீட்டைக் கிழிச்சிட்டாரா?”

“கதவைச் சாத்தினாரு. அப்புறம், ‘அங்க எனக்கு ஏதாவது இருக்குமாப்பா’ன்னு கேட்டாரு. தன்னோட ரெஸ்யூமை என் போனுக்கு அனுப்பி, ‘நீயே போட்டு விட்டுடு’ன்னாரு.”

“போட்டுட்டியா?”

“கெளம்புற அவசரத்துல லேப்டாப்லேர்ந்தே போட்டுட்டேன்.”

நண்பர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த நீலத்துலேர்ந்துடா?”

ஆவடியில் பாதிக் கூட்டம் இறங்கியது. எதிரே ஜன்னலோர சீட்டே காலியாக இருந்தது. ரெஸ்யூம் போட்டவர் உட்காரவில்லை. நின்றபடியே பையின் ஜிப்பைத் திறந்து லேப்டாப்பை வெளியே இழுத்தார்.