தேற்றரவாளன் என்றால்

மிராசுதார்களின் நிலத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த மனைகளுக்கு அவர்கள் பெயரிலேயே பட்டா கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். நன்னிலத்திலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் வயல் வேலை செய்யும் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

"பரிசுத்த ஆவியும் ஒரு வக்கீல்தானாம்க்கா" என்றாள் இளையவள்.

நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"யாரு சொன்னது, ரூத்து?"

"எங்க சர்ச்சு ஐயருதான். பைபிள்ல பரிசுத்த ஆவிக்குத் தேற்றரவாளன்னு ஒரு பேரு வரும். கண்ணீரைத் துடைக்கிறவருன்னு நெனச்சிருந்தேன். கிரேக்கத்துல அது பரக்லேத்தோஸாம். கூப்பிட்டா வந்து பக்கத்துல நிக்கிறவருன்னு அர்த்தமாம். வழக்குல நமக்காகப் பேசுறவரையும் அப்படித்தான் சொல்லுவாங்களாம். கேட்டதும் உன் நெனப்புதான்க்கா வந்துச்சு."

"என் நெனப்பா?"

"தாசில்தார் விசாரணையில மிராசுதார் என்னை நேத்து வந்தவன்னு சொன்னப்ப எனக்கு நாக்கே எழல. நீதானே எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்ன?"

"இந்த வீட்டுலதான் இவ நாலு புள்ள பெத்தா, நாலுக்கும் நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன்னு சொன்னேன். நடந்ததத்தானே சொன்னேன்?"

"அதுக்காக மிராசுதாரு உன்னை அறுப்புக்குக் கூப்பிடலியே."

"வேற வயலா இல்ல?"

"இப்ப பட்டா என் பேருல வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில எந்திரிச்சு நன்றி சொன்னேன். உன் பேரையும் சேத்துச் சொன்னேன்க்கா."

மூத்தவள் பதறிப்போனாள். "நான் மாரியம்மனைக் கும்பிடுறவளாச்சே. உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"அன்னிக்கு அவரைத்தான்க்கா கூப்பிட்டேன். வந்தது நீ. அவரு எதுக்குக் கோவிக்கப் போறாரு?"